பாண்டித்துரையின் பதினான்கு பிளாப்பிகள்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வை மூன்றாம் முறை எழுதித் தேறியவன் பாண்டித்துரை. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரியாது. ஆனாலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அறுநூறு பக்க ஆங்கிலக் கணினிக் கையேட்டைப் படித்து முடித்தான். எம்பிராய்டரி யூனிட்டில் நூல் மாற்றப் போனவன், நான்கே ஆண்டில் கணினியில் டிசைன் போடும் வேலைக்கு உயர்ந்தான். எடைக்குப் போகவிருந்த இரண்டு கணினிகளைப் பிரித்து ஒன்றாக்கி ஓடவைத்தான். யாருக்கும் வேண்டாமல் போன இருநூற்றுப் பன்னிரண்டு பழைய மென்பொருள்களைப் பிளாப்பி வட்டுகளிலிருந்து மீட்டு, விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தான். போலந்திலிருந்துகூட நன்றி வந்தது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த வீட்டில் இப்படி ஒருவன் இருப்பதைச் சொல்லிச் சொல்லி அவனுடைய அக்கா அனுசுயாவுக்கு அலுத்ததே இல்லை.

அவனுக்கு அகப்படாமல் இருந்தது ஒன்றுதான். தமிழ் எழுத்தைத் துணியில் தைப்பதற்காகக் கோவையில் நான்கு பேர் 1994இல் எழுதிய மென்பொருள். எழுதியவர்களிடமே பிரதி இல்லை. பழைய மென்பொருள் சேகரிப்பவர்களின் தளத்தில், தேடப்படுபவற்றின் பட்டியலில் முதல் வரி அதுதான். யூனிட் முதலாளி லிங்கசாமி அவிநாசி குடோனைக் காலி செய்தபோது அது அட்டைப்பெட்டியோடு கிடைத்தது.

“பதினாலு பிளாப்பி இருக்குது கண்ணு. வேலை செஞ்சா உன்ற அதிர்ஷ்டம்,” என்று கொடுத்தார்.

ஆனால் பாண்டித்துரையின் பிளாப்பி டிரைவ் பழுதாகிக் கிடந்தது. லூதியானாவிலிருந்து ஓர் ஆர்வலர் தன்னுடையதை அனுப்புவதாகச் சொன்னார். தளத்தில் எல்லாரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அனுசுயா எட்டாவதோடு நின்றவள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருபத்தொரு வருடம். அங்கே தையல் ஊசி உடைந்தால் கடைசித் துண்டுவரை தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டவேண்டும். அதுவரை ஒரு துணியும் மேசையைவிட்டு நகராது. குழந்தைகள் போடுகிற துணியாயிற்றே. அவள் மேசையிலிருந்து போன சரக்கில் ஒருமுறைகூட ஊசி இருந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் அட்டைப்பெட்டியைத் தூசி தட்டும்போது அடியில் பாதி ஊசி கிடந்தது. அவ்வளவுதான். வீட்டுத் தையல் மெஷினில் தொங்கும் காந்தத்தை எடுத்துவந்து பதினான்கு பிளாப்பிகளையும் வரிசையாகப் பரப்பித் தடவினாள். இன்னும் இரண்டு துண்டு அகப்பட்டது. மூன்றையும் ஒரு தாளில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதி எழுதிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

புதன்கிழமை டிரைவ் வந்தது. முதல் பிளாப்பி திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. டிரைவைச் சந்தேகப்பட்டு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். தன் பழைய பிளாப்பி ஒன்றைப் போட்டான். அது உடனே திறந்தது. மற்ற பன்னிரண்டும் வெற்று என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தாள் அவன் கண்ணில் பட்டது.

“காந்தம் வெச்சியாக்கா?”

“ஊசி கெடந்துச்சுடா. ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவ வெச்சு எடுத்தேன்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

காந்தம் பட்டால் பிளாப்பியில் ஒன்றும் மிஞ்சாது என்று அவன் மெதுவாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். லிங்கசாமியிடம் வேறு பிரதி இருக்குமா என்று கேட்கச் சொன்னாள் அவள். அவன் லிங்கசாமிக்குப் போன் செய்தான். குடோனில் மிச்சமிருந்தது காலி செய்த அன்றைக்கே பிளாஸ்டிக் அரவைக்குப் போய்விட்டதாம். ஒரு பழைய பிளாப்பிக்கா கண்ணு இந்தப் பாடு என்று அவர் கேட்டது பக்கத்திலிருந்த அவளுக்கும் கேட்டது.

மறுநாள் காலை அவன் தளத்தில் எழுத உட்கார்ந்தான். அழித்தது அக்கா என்று தன் பேரைப் போடச் சொல்லி அனுசுயா கெஞ்சினாள்.

“நீ ஊசியத்தேன் எடுத்தக்கா. டிரைவ் வர்ற வரைக்கும் பூட்டி வெக்காதது நானு.”

கிடைத்தது, அழிந்தது, வேறு பிரதி இல்லை, பொறுப்பு என்னுடையது என்று நான்கு வரி. பட்டியலின் முதல் வரி இனி மாறப்போவதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டையும் யூனிட்டின் பெயரில்தான் ஏற்றியிருந்தான். மூன்று முறை கணக்கு எழுதியவன் பெயரை யார் மதிப்பார்கள் என்ற கூச்சம். அந்த நான்கு வரிக்குக் கீழே முதன்முறையாக ‘பாண்டித்துரை’ என்று கையொப்பமிட்டான். 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.