கத்தியும் கதிரும்

அக்காவின் கண் சிகிச்சையைப் பற்றி நான் அருகிலிருந்து கண்டவற்றையும் அவளே என்னிடம் சொன்னவற்றையும் மட்டும் எழுதுகிறேன். அத்தகைய சிகிச்சையை எண்ணியிருப்போர் இதைப் படிக்கக்கூடும். அவர்களிடம் ஊகத்தை உண்மையென நீட்டுவது முறையன்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் காவல்துறைத் தேர்வுக்கு ஆயத்தமாவோர், ஓட்டப் பயிற்சி முடிந்ததும் தொலைவில் நின்று கோபுரக் கலசங்களை எண்ணித் தம் பார்வையைச் சோதித்துக்கொள்வது வழக்கம்; கண்ணாடியின்றிப் பார்வை தெளிவாக இல்லாதவர்களைத் தேர்வில் எடுக்கமாட்டார்கள். அக்காவும் ஒரு காலையில் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பதினொன்று என்றாள். படையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா சிரித்துவிட்டார்.

“ஏட்டி, பதினொண்ணுன்னு இந்த ஊர்ல தொட்டில்ல கெடக்குற புள்ளைகூடச் சொல்லும். எந்தக் கலசத்துல காக்கா உக்காந்திருக்கு, அதச் சொல்லு.”

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். “காக்கா இருக்காப்பா?”

அந்த வாரமே இராஜபாளையத்துக் கண் மருத்துவரிடம் சென்றோம். அந்த அம்மையார் இரு வழிகளைச் சொன்னார். ஒன்று, கருவிழியின் மேற்பரப்பில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் கத்தியால் கீறி, அதன் வளைவைத் தட்டையாக்குவது. மதுரையிலேயே செய்யலாம், பார்வை விரைவில் தெளியும். மற்றொன்று, லேசர் கதிரால் மேற்பரப்பை மெல்லச் செதுக்குவது; சென்னைக்குப் போகவேண்டும், சில நாள் கண் எரியும், பார்வையில் படியும் புகைமூட்டம் விலக மாதக்கணக்கில் ஆகலாம். எதைச் செய்தாலும் தேர்வு மருத்துவர் ஏற்பார் என்பதற்கு உறுதியில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அப்பா கத்தியின் பக்கம் சாய்ந்தார். அவ்வாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவோ, “டூட்டியில மூஞ்சியில அடிபட்டா?” என்று கேட்டாள்.

“நீங்க டீச்சராப் போறதா இருந்தா இம்புட்டு யோசிக்க வேண்டாம்மா. போலீஸ்ல பலமா ஒரு குத்து விழுந்தா, அந்தக் கீறல் வழியாவே கண்ணு பிளக்கலாம்” என்றார் மருத்துவர்.

திரும்பும் பேருந்தில் அப்பா மெல்லச் சொன்னார்: “அடுத்த வருசத்தோட ஒனக்கு வயசு முடியுதுட்டி. லேசருன்னா ஒரே ஒரு வாய்ப்புதான்.”

“கண்ணு முடியறதுக்கு வயசு முடிஞ்சா தேவலப்பா.”

அந்த ஆண்டுத் தேர்வை அவள் கைவிட்டாள். சென்னையிலிருந்து திரும்பிப் பல மாதங்கள், அடுப்பு அணைந்த பின்னும் கண்ணெதிரே புகை நிற்பதாகச் சொல்வாள். பின்பு ஒரு காலை, நாங்கள் கேளாமலே, “மூணாவது கலசத்துல ரெண்டு காக்கா, ஒண்ணு ஒண்ணக் கொத்துது” என்றாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, வம்பு பாக்குறதுக்குத்தான் கண்ணு வந்திருக்கு” என்றார்.

மறு ஆண்டு ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறினாள். மருத்துவச் சோதனைக்குப் புறப்படும்போது, “கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேக்காட்டி நானாச் சொல்ல மாட்டேன்” என்றாள். அங்கிருந்த தேர்வு மருத்துவர் சிறு விளக்கை அவளுடைய வலக்கண்ணில் பிடித்து நெடுநேரம் பார்த்தாராம்; பின்பு இடக்கண்ணிலும். ஒன்றும் கேளாமல், “அடுத்த ஆளு” என்றாராம். அவள் தேர்வானாள்.

அக்கா இப்போது ஆய்வாளர். படிப்பதற்கு மட்டும் கண்ணாடி அணிகிறாள். அது வயதால் வந்தது. அந்தத் தேர்வு மருத்துவர் அன்று கதிர் பட்ட சுவட்டைக் காணவில்லையா, கண்டும் விட்டுவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.