சன்னல் பக்கம்

வக்குவா சந்தைக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் போன வாரம் ஒரு பாட்டில் கைதவறி விழுந்து உடைந்தது. கடைப் பெண் துணியோடு ஓடி வருவதற்குள் ஸ்பிரிட் வாடை எழுந்துவிட்டது. குளிர்ந்த, மூக்கின் உட்புறத்தைக் கீறுகிற வாடை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகினார்கள். நான் விலகவில்லை. என் கைகள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தாமாகவே முன்னால் நீண்டன. ஒன்று சற்று மேலே, இன்னொன்று சற்றுக் கீழே. ஒன்று தோளுக்கு, ஒன்று இடுப்புக்கு. ஒரு மனிதரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கக் குவிந்த கைகள். அந்த மனிதர் போய்ப் பத்து வருடமாகிறது. கைகளிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தபால்காரர். வக்குவாவின் ஏற்றங்களிலும் இறக்கங்களிலும் தூறலில் நனைந்தபடி சைக்கிள் மிதித்தவர். தமிழ் அவருக்குக் கோவிலுக்குள் மட்டும் வரும். தேவாரத்தைப் பொருள் தெரியாமல் பிழையில்லாமல் பாடுவார், வாசலைத் தாண்டிச் செருப்பை மாட்டியதும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்குத் திரும்பிவிடுவார். நான் கோவில் பள்ளியில் தமிழ் சொல்லித் தந்தவரின் பெண். அதனால் என்னை ‘வாத்தியார் மகளே’ என்று கூப்பிடுவார், அதை மட்டும் தமிழில், கேலியாக. மற்றதெல்லாம் அவர் கிரியோலில் சொன்னது. இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவர் சிரித்தபடி சொன்னவை இதில் கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். அது என் குற்றம்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம். ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். புயல் வருகிறது என்று எச்சரிக்கைக் கொடி ஏற்றியதும், பிளேன் மாக்னியனில் இருந்த என் அண்ணன் வீட்டுத் தகரக் கூரையைக் கயிறு போட்டுக் கட்டப் போனார். இந்தத் தீவில் புயலுக்கு முன் ஒருவர் கூரையை இன்னொருவர் கட்டுவது வழக்கம்தான். முதல் காற்று ஒரு தகரத்தைப் பிடுங்கியது. தகரத்தோடு அவரும் வந்தார். கீழே கரும்புக் காட்டிலிருந்து பொறுக்கிக் குவித்த கற்கள். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ‘எதுவும்’ என்ற அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று புரிய எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

ஆசுபத்திரியில் ஓர் ஆங்கிலேய மிஸ் இருந்தார். இளம்பிள்ளைவாதம் பரவிய வருடங்களுக்குப் பிறகு, கால் சூம்பிய குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். அவர்தான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். மாற்றும்போது முதுகிலும் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட வேண்டும். தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். “அவருக்கு வலிக்காது. அவருக்காக உன் கண்ணுக்குத்தான் வலிக்க வேண்டும்” என்றார்.

வீட்டில் கடிகாரம் இல்லை. பகலெல்லாம் ரயில்தான் கணக்கு. காலை வண்டி ஊதினால் ஒரு புரட்டல், அதற்கடுத்த வண்டிக்கு இன்னொன்று. எங்கள் கட்டிலுக்கு ஒரு பக்கம் தெருவைப் பார்த்த சன்னல், மறுபக்கம் சுவர். நான் தோளிலும் இடுப்பிலும் கை வைத்ததும் அவர் கேட்பார், “கி கோத்தே?” எந்தப் பக்கம் என்று. “சன்னல் பக்கம்” அல்லது “சுவர்ப் பக்கம்” என்று நான் தமிழில் சொல்வேன். அந்தக் கேள்வியில் ஒரு மரியாதை இருந்தது. உடம்பின் பாதி தன்னுடையதாக இல்லாமல் போன மனிதர், அதை எங்கே கொண்டு போகிறாய் என்றாவது கேட்க வேண்டாமா?

ஆனால் சன்னலை அவர் திறக்க விடவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் அவர் கடிதம் கொடுத்தவர். அவர்கள் பார்வை உள்ளே வருவது அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு மரக் கதவுகளும் எப்போதும் சாத்தியே இருந்தன. சன்னல் பக்கம் படுத்தாலும் அவருக்குச் சுவர்தான்.

அந்த நாட்களில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தபால் அதிகாரி. தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: கடிதம் பிரிக்கும் மேசையில் ஓர் இடம் வருட முடிவு வரை காலியாக இருக்கும், தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைப்பதென்றால் மேலிடம் ஒப்பாது, தானே வந்து தானே நாற்காலியில் ஏறி உட்கார முடிந்தால் அந்த இடம் இவருக்கு. மற்றவர் என் அண்ணன். தன் கூரையிலிருந்து விழுந்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல், சமையலறையில் நின்று என்னிடம் பேசினார்.

“தங்கச்சி, எத்தனை நாளைக்குத் தூக்குவ? உன் இடுப்பும் போயிடும். கன்னியாஸ்திரீங்க நடத்துற விடுதி இருக்கு, மச்சானை நல்லாப் பாத்துக்குவாங்க. நீ நம்ம வீட்டுக்கு வந்துடு.”

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் வந்தது. “போ, வாத்தியார் மகளே. உங்க அண்ணன் சொல்றது சரி.”

“வருஷக் கடைசி வரைக்கும் பாக்கலாம்” என்றேன், இருவருக்கும் சேர்த்து. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆக, அந்த மேசையில் அவர் உட்கார்ந்தால் நாங்கள் ஒரு வீடு. இல்லையென்றால் அவர் ஒரு விடுதி, நான் ஒரு அண்ணன் வீடு.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு வழுக்கி நகர ஒரு பலகை வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். வழவழப்பான, கை நீளப் பலகை. ஒரு காலை நான் ஏணி வைத்து ஏறி, சன்னல் கதவுகளில் ஒன்றின் கீலைக் கழற்றினேன். பிறகு இன்னொன்றையும். வெளிச்சம் கட்டில்மேல் கொட்டியது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

“ஊர்ல வேற பலகையே கிடைக்கலியா?”

“இதுதான் வழவழப்பா இருந்துச்சு.”

“ரெண்டும் எதுக்கு?”

“ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு.”

மழைக்கு மெழுகுத் துணி தொங்கவிட்டேன். தெருவுக்கு எதுவும் தொங்கவிடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சந்தைக்குக் கீரைக்கூடை கொண்டு போகிற கிழவி சன்னலில் தலையை நீட்டினாள். “ஏ ஃபாக்தேர்” என்றாள். தபால்காரரைத் தீவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “என் மகன் லெட்டர் எங்கே? படுத்துக்கிட்டே பிரிச்சுப் படிச்சிட்டியா?”

“படிச்சேன். உனக்குப் புருஷன் பாக்கணுமாம்” என்றார் இவர்.

கிழவி கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ரயில் ஊதினால், “கி கோத்தே?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்பே தலையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கைகளைப் பலப்படுத்த, கரி போடும் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டைத் தூக்கி இறக்குவார். பலகைமேல் பவுடர் தூவி, உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பை ஒரு விரற்கடை நகர்த்துவார், நிற்பார், இன்னொரு விரற்கடை. நான் பக்கத்தில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான். ஜூன் முடிவதற்குள் பாதிப் பலகை தாண்டிவிட்டார்.

பிறகு வக்குவாவின் குளிர் வந்தது. தூறல் நிற்காத குளிர். அவருடைய கால்கள் ஆற்றுக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தன. எங்கள் வீடுகளில் வலிக்கும் குளிருக்கும் வேறு வைத்தியம் உண்டா என்ன? சட்டியில் உப்பை வறுத்தேன். துணியில் முடிந்து, பாதங்களில் ஒத்தடம் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குள் ஒரு பேராசை இருந்தது. அந்தப் பாதங்கள் ஏதாவது சொல்லாதா என்று.

“சூடு தெரியுதா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “தெரியுது. இதமா இருக்கு.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இன்னும் கொஞ்சம் வறுத்தேன். முடிச்சை இரண்டு குதிகால்களுக்கும் அடியில் வைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு, பாடிக்கொண்டே சமையலுக்குப் போனேன். அடுத்த ரயிலுக்கு வந்து கம்பளியை விலக்கினால், இரண்டு குதிகாலும் நீர் கோத்துக் கொப்பளித்து, தோல் உரிந்து கிடந்தது. அவர் சன்னலைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலிலும் தெரிந்திருக்கவில்லை.

ஏழு வாரம். புண் ஆறும் வரை நாற்காலி இல்லை, பலகை இல்லை. கட்டுப் போட வந்த மிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் போன பிறகு, நான் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“நீ அவ்வளவு ஆசையாக் கேட்ட. இல்லேன்னு சொல்ல வாய் வரல.” குதிகால் கட்டுகளைப் பார்த்துவிட்டு, “போகட்டும். விரதம் இல்லாம, மஞ்சத் துணி கட்டாம, படுத்துக்கிட்டே தீ மிதிச்சவன் இந்தத் தீவுல நான் ஒருத்தன்தான். அம்மன்தான் கோவிச்சுக்குவா.”

நான் சிரிக்கவில்லை. இனி ஒருவரையொருவர் தேற்றுவதற்காகப் பொய் சொல்லக் கூடாது என்றேன். எழுந்து தலைமாட்டுக்குப் போய், அவர் கையை என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அவர் கையை என் தலைமேலேயே வைத்திருந்தார். “சரி. அப்போ நீ சொல்லு. அந்தச் சன்னல் கதவு?”

“பலகைக் கடையில நிறையப் பலகை இருந்துச்சு.”

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார்.

அந்தச் சத்தியம் எங்கள் இரண்டாவது தாலி. அழகாகச் சொல்வதற்காக எழுதவில்லை, அப்படித்தான் வாழ்ந்தோம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இல்ல’ என்று பதில் வரும். ‘களைச்சுட்டியா?’ என்று அவர் கேட்டால், ‘ஆமா, உங்களைத் தூக்கி எறியலாம் போல இருக்கு’ என்பேன். வேறு வீடுகளில் இது சண்டை. எங்களுக்கு அதுதான் கொஞ்சல்.

டிசம்பரில், விடுமுறைகளுக்கு முந்தைய திங்கட்கிழமை, தபால் நிலையத்துக்குப் போனோம். தெருவில் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டினார். அண்ணன் பிளேன் மாக்னியனிலிருந்து வந்து, வாசலில் ஒரு குற்றவாளியைப் போல நின்றிருந்தார். இவர் மடியில் சன்னல் பலகை. மேசைக்கு அருகே நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டு, பலகையைக் குறுக்கே வைத்தார். உள்ளங்கை ஊன்றினார். ஒரு விரற்கடை. இன்னொன்று. நடுவில் உடம்பு சாய்ந்தபோது அண்ணன் பாய்ந்து வந்தார்.

“மச்சான், கையைக் கட்டிக்க” என்றார் இவர், மூச்சு வாங்கியபடி. “உன் தங்கச்சியைப் பாரு, எப்படிக் கட்டியிருக்கா.”

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். பலகை தீர்ந்தது. மேசைக்கு முன்னால் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி தொப்பியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். இவர் முதல் கடிதக் கட்டை அவிழ்த்து, மேலிருந்த உறையைப் பார்த்து, “ரோஷ் புவாவுக்குப் போற லெட்டர். இது எப்படி இங்கே வந்துச்சு?” என்றார். வேலை தொடங்கிவிட்டது.

அப்புறம் பன்னிரண்டு வருடம். ரயில் நின்றது; ஒரு கடிகாரம் வாங்கினோம். புயல்கள் வந்தன, சன்னலுக்குத் தகரம் அடித்தோம், பிறகு பிடுங்கினோம். மரக் கதவு மட்டும் மாட்டவே இல்லை. சுதந்திரம் வந்து தீவின் கொடி மாறிய அந்த மார்ச்சில், அவருடைய சிறுநீரகங்கள் சோர்ந்துவிட்டிருந்தன. முதுகு முறிந்தவர்களை முதுகு கொல்வதில்லை. பல வருடம் பொறுத்திருந்து இதுதான் கொல்கிறது. ஆசுபத்திரியில் நடுவரிசைக் கட்டில். சன்னல்கள் தலைமாட்டில், வெகு தூரத்தில், உயரத்தில். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கண்ணில் படாது. ஒரு பக்கம் இன்னொரு நோயாளியின் முதுகு. மறுபக்கம் நீண்ட நடை, அதன் கோடியில் வாசல்.

மருந்துக் கடையில் தரையைத் துடைத்துவிட்டார்கள். “மதாம், உங்களுக்கு என்ன வேணும்?” என்று பெண் இரண்டு தடவை கேட்டாள். என் கைகள் இன்னும் காற்றில் நின்றிருந்தன. ஒரு பாட்டில் ஸ்பிரிட் கேட்டேன். வீட்டில் யாருக்கும் தேவையில்லை. மேசைமேல், மூடியைத் திருகாமல், இதை எழுதும்போது பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஆசுபத்திரியில் அந்தக் கடைசி நாளன்று, பார்க்க வந்தவர்கள் போக வேண்டும் என்று மணி அடித்தார்கள். பக்கம் மாற்றும் நேரமும் அதுதான். நானே செய்கிறேன் என்றதும் நர்ஸ் விட்டுக்கொடுத்தாள். ஸ்பிரிட் தேய்த்தேன், பவுடர் போட்டேன். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அத்தனை வருடமாகக் கிரியோலில் கேட்டவர், அன்றைக்குத் தமிழில் கேட்டார்.

“எந்தப் பக்கம்?”

“சன்னல் பக்கம்” என்றேன்.

வாசல் பக்கமாகப் புரட்டினேன். அவர் அந்த நீண்ட நடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இல்லாத சன்னலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக் கால்மாட்டுக்குப் போய், புறப்படுவதற்கு முன், அந்த இரண்டு குதிகால்களையும் என் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டேன். பழைய தழும்புகள் வழவழவென்றிருந்தன. அவர் தலையைத் தூக்காமல், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இதமா இருக்கு” என்றார்.