துன்னியா?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சின்ன வயதிலிருந்தே கார் என்றால் பைத்தியம். கல்யாண வீட்டுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் பந்திக்கு ஓடும். நான் வாசலில் நிற்கிற கார்களுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவுதான் வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். "பொட்டப்பிள்ளைக்கு ஸ்பானர் எதுக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அம்மாதான், "அவ கை, அவ ஸ்பானர். ஒங்களுக்கு எங்க வலிக்கி?" என்று ஒரே போடாகப் போட்டு வாயடைத்தார்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டு கம்பெனிக்குள் போனால், அங்கே எனக்காக ஒரு வேடிக்கை காத்திருந்தது. பெயிண்ட் அடித்து முடித்ததும் காரிலிருந்து கதவுகளைக் கழற்றிவிடுவார்கள். கார் ஒரு லைனில் போகும். கதவுகள் மேலே ஓடும் கொக்கிகளில் தொங்கிக்கொண்டு வேறொரு லைனில் போகும். கடைசியில்தான் இரண்டும் சேரும். என்னைப் போட்டது கதவு லைனில். அதிலும் இடது பக்கத்துப் பின் கதவு மட்டும். அதன் ஓரத்தில் ரப்பர் பட்டையை அமுக்கி ஒட்ட வேண்டும். காருக்காக ஊரைவிட்டு வந்தவள், நாள் முழுக்கக் காரே இல்லாத கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல். அறையில் மூன்று பேர், மூன்று கம்பெனி, மூன்று ஷிப்ட். ஒருத்தி வரும்போது இன்னொருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். அவர்களுடைய முகத்தைவிடப் போர்வைகள்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய், வாங்காத சாமான்களுக்கெல்லாம் விலை கேட்டுவிட்டுத் திரும்புவேன். கடைக்காரர் பதில் சொல்வாரே, அதற்காக! அம்மா போனில், "இன்னைக்கு எத்தன காரு செஞ்ச தாயி?" என்று கேட்பார். "நெறையம்மா" என்பேன். போனை வைத்துவிட்டு, அன்று ஒட்டிய கதவுகளை எண்ணிப் பார்ப்பேன்.

லைனில் எனக்கு அடுத்து நின்றவர் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர். கதவுக்குள் ஒயர் சொருகும் வேலை அவருக்கு. குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். தினமும் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்ததும் என்னைப் பார்த்து, "இன்னாம்மே, துன்னியா?" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் பக்கம் மனுஷர் சாப்பிடுவார்கள், மாடுதான் தின்னும். தெற்கத்திக்காரி என்று இளக்காரமா? பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மறுநாளும் அதே "துன்னியா?" என்னிடமும் அதே திருப்பல்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. "அன்னைக்கே சொன்னோமே" என்று பேச ஊரில் வாய்கள் காத்திருந்தன.

லைன் நெடுக, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மஞ்சள் கயிறு போகும். ஏதாவது ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும். லைன் மொத்தமும் நின்றுவிடும். பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால், கயிற்றைத் தொட்ட பயிற்சிக்காரர்களை நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. அதனால் அந்தக் கயிற்றைப் பார்த்தாலே எங்களுக்குப் பாம்பைப் பார்த்த மாதிரிதான்.

அன்று காலை ஷிப்ட். அக்காவின் முழுக்கைச் சட்டை கதவு தொங்கும் கொக்கியில் மாட்டிக்கொண்டது. கதவு நகர நகர அவரும் கூடவே இழுபட்டுப் போனார். கொஞ்ச தூரத்தில் ஓர் இரும்புத் தூண். கதவு மட்டும் நுழைகிற அளவுக்குத்தான் அங்கே இடம். கயிறோ லைனுக்கு இந்தப் பக்கம், என் கைக்குத்தான் எட்டும். அக்கா என்னைப் பார்த்து அலறினார்.

"கய்த்த இஸ்துமே! இஸ்துடு! இஸ்து!"

இஸ்து என்றால் என்ன? ஏதாவது சாமானா? யாரையாவது கூப்பிடுகிறாரா? சத்தியமாக எனக்குப் புரியவில்லை. நின்ற இடத்திலேயே விழித்தேன். அப்புறம்தான் தூணுக்குப் பக்கத்தில் போய்விட்ட அவர் கையைப் பார்த்தேன். வேலையாவது, நிரந்தரமாவது! இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவு பெரிய லைன் பெருமூச்சு விட்டு நின்றது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. சூப்பர்வைசர் ஓடிவந்து, "யார் இழுத்தது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். அவர் அக்காவின் சட்டையைக் கொக்கியிலிருந்து விடுவித்து, சிவந்துபோன மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தாம்மா கயிறே. கூட்டிட்டுப் போ" என்றார். எதற்காக இத்தனை நாள் பயந்து செத்தேனோ, அது ஒரு வரியில் முடிந்துவிட்டது.

முதலுதவி அறையில் கட்டுப் போட்டுக்கொண்டே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ட கீயற இஸ்துடுன்னு கத்தினு கீறேன், நீ மரமாட்டம் நின்னுகினு கீறியே!"

"அக்கா, இஸ்துன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா? அப்பால எப்டி இஸ்த?"

"ஒங்க கையப் பாத்தேன்."

அக்கா கட்டுப் போட்ட தன் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தத் தைரியத்தில் 'துன்னியா' விஷயத்தையும் உடைத்துவிட்டேன். எங்கள் ஊரில் மாட்டைத்தான் அப்படிக் கேட்போம் என்றதும் கண்ணில் நீர் வரச் சிரித்தவர், "அடிப்பாவி! நான் கேக்கறப்பல்லாம் மூஞ்ச திர்ப்பிப்பியே, சரியான திமிரு புட்ச்சதுன்னு நென்ச்சேன்" என்றார்.

"பெறகு ஏன்க்கா தெனமும் கேட்டீங்க?"

"அத்துக்கு? திமிரு புட்ச்சவளுக்கு வவுறு இல்லியா?"

நான் அழுதுவிட்டேன். அந்த ஊரில் யாரும் என்னைக் கேட்கவில்லை என்று நான் ஏங்கிய 'சாப்பிட்டியா' என்ற கேள்வியை, ஒருத்தர் தினமும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

இந்தக் கம்பெனிக்கு வந்து இன்னும் ஒரு முழுக் காரைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் இடைவேளையில், கதவுகள் கார்களோடு சேரும் இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். இஸ்துகினு போனார் என்று சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைக் கார் முடிந்து நின்றது. அதன் இடது பின் கதவைத் திறந்து சாத்திப் பார்த்தேன். நான் ஒட்டிய ரப்பர் பட்டை பதிந்து, 'டப்' என்று மெத்தென மூடியது. அன்று மாலை அம்மாவிடம், "இன்னைக்கு ஒரு காரு செஞ்சேம்மா" என்றேன்.

பொங்கலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். இப்போது கதவு மாட்டும் இடத்தில்தான் எனக்கு வேலை. அக்கா வேறு ஷிப்டுக்கு மாறிவிட்டார். எதிரெதிரே போகும் கம்பெனி பஸ்களில் கை காட்டிக்கொள்வதோடு சரி. ஹாஸ்டல் அறை இன்னும் மூன்று போர்வைகளோடு அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் என் பக்கத்தில் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் பக்கமாம். சாப்பாடு முடிந்து வந்தவளிடம் என்னையறியாமல், "துன்னியா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது. அவளிடம் நாளைக்கும் கேட்பேன். முகத்தைத் திருப்பியவளையும் விடாமல் கேட்க ஒருத்தர் இருந்ததால்தானே நான் இன்று கார்களுக்கு நடுவில் நிற்கிறேன்.