அன்று நான் மொழிபெயர்த்த ‘இல்லை’

யோகன் அண்ணையின் மகள் அழைத்தபோது நான் பாரிஸின் புறநகரான ஆர்ஜொந்தெய் நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அப்பா காலையில் போய்விட்டார் என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு தமிழில், “அன்ரி, அம்மா உங்களை வரச் சொல்லுறா” என்றாள். நான் உடனே அழவில்லை. கையிலிருந்த மின்சிகரெட்டைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன். ரயில் ஏறிய பிறகுதான் துக்கம் வந்தது. அதற்கு முன்னால் வந்தது பயம். அது இன்னும் போகவில்லை.

பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த எங்கள் மொழிபெயர்ப்புக் கந்தோருக்குப் படியேறி வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அகதி விண்ணப்பத்துக்காக வந்தவரிடம் கதை கேட்டுத் தமிழில் எழுதுவது அவர். அதைப் பிரெஞ்சாக்குவது நான். உணவகச் சமையலறைகளில் கற்ற பிரெஞ்சு தனக்குக் கடைதெருவுக்குப் போதும், காகிதத்துக்குப் போதாது என்பார். ஆனால் வேலையின் ஒழுங்கு அவருடையது. ஒருமுறை ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில் முரணாகத் தெரிந்த ஓரிடத்தை நானே சரிசெய்துவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, அவ சொன்னதைக் கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் எங்கட வேலை. திருத்த வேணுமெண்டா அவவைக் கூப்பிடும். அவ திருத்தட்டும்.”

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இந்த அஞ்சலி பாதிப் பொய்யாகிவிடும். நான் இருபத்தைந்து வருடங்களாகப் புகைப்பவள். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு தமிழ்ப் பெண் தெருவில் நின்று சிகரெட் பிடிப்பது லேசல்ல. கட்டடத்தின் பின்முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பிடிப்பேன். அங்கே ஒருநாள் அவர் என்னைக் கண்டார். பேசாமல் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். “நெருப்பு இருக்கோ?” என்று கேட்டார். அதன் பிறகு இருவருமாகப் பிடித்தோம். கடைசிவரை அவர் எவரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு காலை இரண்டு மின்சிகரெட்டுகளோடு வந்து ஒன்றை என் மேசையில் வைத்தார். மாம்பழ வாசம்.

“இது புகையில்லை, ஆவி. புட்டு அவிக்கிற ஆவியிலை ஆர் செத்தது?”

“புட்டுக்குள்ளை நிக்கொட்டின் போடுறேல்லை, அண்ணை.”

“உம்மைப் படிப்பிச்ச ஆக்கள் பாவம்.”

சிகரெட்டை முற்றாக விட்டு இதற்கு மாறுகிறவர்களுக்குத் தீங்கு குறையும் என்று வாசித்திருந்தேன். தீங்கில்லை என்று அதற்குப் பொருளல்ல என்பதும், நீண்டகாலத்தில் என்னவாகும் என்று இன்னும் சரியாகத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் மாறவில்லை, சேர்த்துக்கொண்டோம். ஆட்கள் இல்லாத நேரமெல்லாம் ஜன்னலோரம் ஆவி. காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பிறகு முற்றத்தில் பழைய சிகரெட். அந்த இரண்டும் கணக்கில் இல்லை என்று எங்களுக்குள் ஒரு முடிவு. அவர் புகையை விட்டுவிட்டார் என்று அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், முருகனுக்கு நேர்த்தி நிறைவேற்றி எங்களுக்கும் பிரசாதம் கொடுத்தனுப்பினார். இருவரும் திருநீறு பூசிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினோம்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்கு இருமல் பிடித்தது, விடவில்லை. வைத்தியரிடம் மொழிபெயர்க்க என்னை அழைத்துப்போனார். அக்காவும் வந்தார். புகைக்கிறாரா என்று வைத்தியர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அண்ணை என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

“இல்லை. விட்டு மூண்டு வருசம்.”

“நேர்த்தி வைச்சனான், அதையும் சொல்லும் தங்கச்சி” என்றார் அக்கா.

நான் ‘இல்லை’ என்று மொழிபெயர்த்தேன். சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே வேலை. அவருடைய பொய்யைக் காட்டிக்கொடுத்தால் என்னுடையதும் வெளியே வரும் என்பதும் ஒரு காரணம். வைத்தியர் மருந்து எழுதி, மூன்று வாரத்தில் குறையாவிட்டால் வரச் சொன்னார். அண்ணை ஐந்து மாதம் போகவில்லை. சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் போனார்.

அந்தத் தடவையும் அக்கா பக்கத்தில் இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் கையை உயர்த்தினார். தன்னுடைய சமையலறைப் பிரெஞ்சில், வினையும் காலமும் இடறி விழ, தானே சொன்னார்: டொக்டர், அன்றைக்கு நான் பொய் சொன்னேன். இந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள். நான் புகைக்கிறேன். அதுவும், இதுவும். அவருடைய முழங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது மெத்ரோவில் அக்கா அவருடைய சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: “எனக்குத் தெரியும். உடுப்புத் தோய்க்கிறது நானெல்லோ.”

நுரையீரலில் கட்டி. அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தார். ஒருநாள் வைத்தியரைத் தனியே கண்டு கேட்டேன். அத்தனை வருடச் சிகரெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றார். அந்த ஆவி எவ்வளவு செய்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வீணான ஐந்து மாதத்தைப் பற்றிக் கேட்டேன். அதையும் தெரியாது என்றார். எதற்கும் ஆதாரம் கேட்டே பழகியவள் நான். எந்த ஆதாரமும் இல்லாத இந்தத் ‘தெரியாது’தான் அதிகாலையில் என்னை எழுப்புகிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் கண்ணை மூடியபடியே, “நீரும் இருமுறீர்” என்றார்.

“தடிமன், அண்ணை.”

“ஓம், எனக்கும் தடிமன்தான்.”

அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுவாரம் என் வைத்தியரிடம் போனேன். எனக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. புகைக்கிறீர்களா என்று கேட்டார். வருடக்கணக்காக வாயில் பழகிப்போன ‘இல்லை’ நுனிநாக்குவரை வந்தது. ஓம், இரண்டும், என்றேன். எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஸ்கேன்.

அண்ணைக்குத் துணிவு இருந்தது என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். ஊசிக்கே பயந்தவர். முழங்கால் ஆட ஆட, பிழையான பிரெஞ்சில், மனைவியின் முன்னால் அவர் தன் சொல்லைத் தானே திருத்தியதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குக் கொண்டுபோக என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.