அண்ணன் சொன்ன ‘வாரேன்’

மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியை நான் முதன்முதலாகக் கையால் தொட்டது அப்பாவின் கால்மாட்டில்தான். சாக்கில் சுற்றி, கோயமுத்தூரிலிருந்து டெம்போவில் வந்த நீளமான கட்டிகள். சூலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சின் மேல் அப்பாவைக் கிடத்தி, பெஞ்சுக்கு அடியிலும் இரு பக்கங்களிலும் அவற்றை அடுக்கினார்கள். உருகிய நீர் வாசற்படியைத் தாண்டிவிடாதபடி பழைய வேட்டிகளைச் சுருட்டி அணைபோல் வைத்தேன். நனைந்ததை எடுத்துப் பிழிந்துவிட்டு வேறொன்றை வைப்பதே அன்று முழுக்க என் வேலையாக இருந்தது. அழுவதற்கு அது இடைஞ்சலாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் வருவதற்காகக் காத்திருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் மேல்படிப்புக்காக அங்கே போனான். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது. வேலை கொடுத்த கம்பெனியே அவன் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் போட்டது. மாணவனாகப் போனவன் அந்த நாட்டில் வசிப்பவனாக மாறுவதற்கு நடுவில் எத்தனை வருடம் அந்தரத்தில் நிற்கவேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியே வந்தால், வேண்டாமென்று கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். அந்த அனுமதி கேட்டாலும் எப்போது கைக்கு வருமென்று சொல்ல முடியாதாம்.

விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இந்த விவரமெல்லாம் பெருமையாகவே இருந்தது. பெரியப்பா விடமாட்டார்.

“ரேசன் கார்டுக்கே தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேயுது. உன்ற பையன் அமெரிக்காக் கார்டு வாங்கறானாமா? அதுக்குச் சக்கரை எத்தன கிலோ போடறாங்கன்னு கேட்டுச் சொல்லப்பா.”

“சக்கரை போடமாட்டாங்கண்ணா. ஆளையே எடுத்து உள்ள வெச்சுக்குவாங்க.”

தன் பதில் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. நூல் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் காலையில் தறிக்குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். என் கணவர் காந்திபுரத்தில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அண்ணனின் அறைத்தோழருக்குத் தகவல் சொன்னார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அண்ணன் பக்கத்து வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டான். அம்மாவை நான்தான் இடுப்போடு அணைத்து அங்கே நடத்திக்கொண்டு போனேன். ரிசீவரை அவள் காதில் பொத்தி வைத்திருந்தாலும், ஒட்டி நின்ற எனக்கு அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. இரண்டு பேரும் அழுதார்கள். ஒருவர் அழுகை கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் மற்றவர் அழுகை வந்து அதன்மேல் மோதியது.

“பேப்பரு பாதியில நிக்குதுங்கம்மா. வக்கீலக் கேக்கோணும்…” என்றான். பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். அதற்கப்புறம் தெளிவாக ஒன்று கேட்டது: “செரிங்கம்மா, வாரேனுங்க.”

எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லி ஒரு வீட்டை விட்டு இறங்குவதில்லை. தெருமுனைக் கடைக்குப் போகிறவரும் வாரேன் என்பார். சம்பந்தம் பேசவந்து மனம் கோணிப் புறப்படுகிறவரும் அதையேதான் சொல்வார். அதில் வாக்குறுதி ஒன்றும் இல்லை. போன் அப்போது எங்களுக்குப் புதிது. படியிறங்கும்போது சொல்வதையே போனை வைக்கும்போதும் சொன்னோம். அம்மாவுக்கு இது தெரியாததல்ல. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சொல்லைக் காதில்கூட வாங்கியிருக்க மாட்டாள். அன்று அவள் அதை மட்டும்தான் வாங்கிக்கொண்டாள். எனக்கும் அவன் வருகிறான் என்றே கேட்டது.

வீட்டுக்கு வந்தவள் கூட்டத்துக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னாள். “உங்கப்பனுக்குக் கொள்ளி வெக்க அவன் வாரேன்னுட்டான் அம்மிணி. ஆரும் எடுக்க வேண்டாம்.”

“அத்தன தூரத்துல இருந்தல்லோ வரோணும்,” என்றார் பெரியப்பா. “செரி, ஐஸுக்குச் சொல்லியுடுங்க.”

அன்றைய பகலும் இரவும் அப்படியே போயின. அன்னூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்த உறவினர்கள் வந்த துணியோடு தங்கினார்கள். வாசலில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் ஒப்பாரி நின்று மறுபடி தொடங்கியது. இரண்டாவது முறை வந்த ஐஸ் முதல் முறையைவிட வேகமாகக் கரைந்தது. ஊதுபத்தியை யாரோ கட்டுக்கட்டாகக் கொளுத்தி வைத்தார்கள். எதற்காக என்று யாரும் பேசவில்லை.

மறுநாள் மதியம் பக்கத்து வீட்டிலிருந்து மீண்டும் அழைப்பு. விமான நிலையத்திலிருந்து பேசுகிறான் என்று நினைத்து அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். நான் பின்னால் போய் நின்றபோது அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களாம்மா? கொள்ளி ஆருங்க வெச்சாங்க?”

அம்மா சுவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. பிறகு, கணக்குப் பார்த்து முடித்தவளைப்போல நிதானமாகச் சொன்னாள்.

“முடிஞ்சுது கண்ணு. பெரியப்பன் பையன் வெச்சான். நீ அந்தக் கார்டை வாங்கிப்போட்டு வா.”

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியப்பாவைப் பார்த்து, “எடுத்துருங்க,” என்றாள். என் பக்கம் திரும்பி, “இது அவங்காதுல உழுகக் கூடாது,” என்றாள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். அம்மா போனில் சொன்னது அதன் பிறகுதான் உண்மையானது.

கார்டு வந்து, தொண்ணூறுகள் முடிவதற்குள் அண்ணனும் வந்தான். முன்தலை வழுக்கையாகியிருந்தது. கார்டைக் காட்டச் சொன்னேன். எல்லோரும் பச்சை என்று பேசிய அந்த அட்டை வெளிறிய இளஞ்சிவப்பில் இருந்தது. அன்று பந்தியில் அவனருகே உட்கார்ந்திருந்த பெரியப்பா, வம்புக்கு இழுக்கும் குரலில்தான் பேச்சைத் தொடங்கினார். மனதில் கெடுதல் ஏதும் இல்லை.

“உன்ற வாரேனை நம்பி உங்கப்பனை ஐஸ்ல போட்டு வெச்சிருந்தமேப்பா. இப்பத்தான் வந்து சேர்ற.”

அண்ணன் இலையிலிருந்து கையை எடுத்தான். அம்மா மோர் எடுத்துவரப் போவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்தான். பாதியை மட்டும் சொல்வதில் பயனில்லை என்பதால் முழுவதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “போனை வெக்கறதுக்குத்தான் அம்மிணி அப்படிச் சொன்னேன்,” என்றான். கைகழுவப் போகும்போதும் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு போனான். அமெரிக்காவுக்குத் திரும்பிய நாளில் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறினான். எதைச் சொல்லி ஏறுவது என்று அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அவன் அங்கே குடிமகனாகி வெகுகாலம் ஆகிவிட்டது. நினைத்த நேரத்தில் வரலாம், போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போன் திரையில் முகம் காட்டுகிறான். முடிக்கும்போது “வெச்சுடட்டுங்களாம்மா?” என்று கேட்பான். அம்மா “வெய்யி கண்ணு,” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் இருவரும் சேர்த்துக்கொள்வதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டிலருகே நின்று, திரையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். அண்ணனுக்கும் தலை நரைத்துவிட்டது.

“டிக்கெட் போட்டுட்டேனுங்கம்மா. நாளைக்கு நான்…” என்று சொல்லவந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். உதடு மட்டும் அசைந்தது.

அம்மா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

“வந்துபோட்டுச் சொல்லு கண்ணு,” என்றாள்.