மரியரட்ணத்தின் கம்பமும் அப்பாவின் காலும்

அப்பா பொறாமைக்காரர். செத்தவீட்டுக்கு வந்த ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நேர்மையானவர், நேரம் தவறாதவர், எவரிடமும் கைநீட்டாதவர் என்றார்கள். எல்லாம் சரி. ஆனால் அவருடைய கடைசி மூன்று வருடங்களை நகர்த்தியது பொறாமைதான். அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாருடைய கதையோ ஆகிவிடும்.

பெயர் அருள்நாயகம். யாழ்ப்பாணம் பஸ் டிப்போவில் இருபத்தொரு வருடம் ரைம் கீப்பர். எண்பத்து நான்கில் ரொறன்ரோவுக்கு வந்தார். முதல் வருடம் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பதினான்காம் மாடியில் ஆறு பேரோடு இருந்தார். அம்மாவும் நானும் வந்து சேர்ந்த பிறகு, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பாதி வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஒரே செங்கல் கட்டடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசல். மற்றப் பாதியில் மரியரட்ணமும் மனைவி கிளடிஸும் இருந்தார்கள். அவர்களும் யாழ்ப்பாணத்தவர்கள். எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர்கள்.

அப்பாவுக்கு நகர மையத்தில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் வேலை. ஆட்களிடம் கார்த் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு, நாற்பது கார் நிற்கக்கூடிய இடத்தில் ஐம்பத்திரண்டு காரை நிறுத்துவார். யார் எத்தனை மணிக்குத் திரும்பி வருவார் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஒழுங்கில்தான் அடுக்குவார். உள்ளே வரும் காருக்கு இடது கையை உயர்த்தி, வலது கையால் கயிறு இழுப்பதுபோல் இழுத்து, கடைசியில் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். ஒரு காரிலும் கீறல் விழுந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குத் தன் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் கார் விடும் பாதை கிடையாது. எல்லோரும் தெருவோரத்தில்தான் நிறுத்த வேண்டும். முந்தி வந்தவருக்கு இடம். அப்பாவின் எழுபத்தெட்டாம் ஆண்டு மலிபு கார் பெரும்பாலும் மூலை திரும்பி அடுத்த தெருவில்தான் நின்றது. அங்கிருந்து வாசலுக்கு நூற்றெண்பது மீற்றர். நான் அளந்தேன். மின்னணுப் படிப்பு முடித்து, சர்க்கிட் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எதையும் அளக்காமல் எனக்கு நம்பிக்கை வராது.

எண்பத்தாறு கோடையில் நகரசபை ஆட்கள் இருவர் வந்து நடைபாதையில் ஒரு கம்பம் நட்டார்கள். அதில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை. அங்கவீனருக்கான தரிப்பிடம். மரியரட்ணத்துக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பியிருந்தது. அவர் விண்ணப்பித்தார், கிடைத்தது. அதுவரை சரி. ஆனால் அவருடைய வாசலுக்கு நேரே தீயணைப்புக் குழாய் இருந்தது. அதனால் கம்பம் எங்கள் பக்கம் தள்ளி வந்துவிட்டது. தரிப்பிடத்தின் நீளம் ஆறே முக்கால் மீற்றர். அதில் நாலு மீற்றர் எங்கள் ஜன்னலுக்கு முன்னால்.

கம்பம் நட்டு முடியும் மட்டும் மரியரட்ணம் தடியை ஊன்றிக்கொண்டு அத்திவாரக்கல் நடுவதைப் பார்ப்பவர்போல் நின்றார். கிளடிஸ் அன்ரி வேலையாட்களுக்குச் சோடா கொடுத்தார். அப்பா ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்.

"பேர் எழுதாத குறைதான்," என்றார்.

அன்றிலிருந்து அவருடைய இருப்பிடம் அந்த ஜன்னல். மரியரட்ணத்தின் கார் காலையில் எத்தனை மணிக்குப் போகிறது, மாலையில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் ஒரு கிழமையில் அவருக்குப் பாடமாகிவிட்டது. மரியரட்ணம் நொண்டாமல் நடக்கும் ஒரு நாளுக்காக அவர் காத்திருந்தார்.

"படியிலை ஏறேக்கை பாத்தனியே? தடி கக்கத்துக்கை கிடந்தது. ஊண்டேல்லை. உவனுக்கு அரைவாசி நடிப்பு."

அந்தக் காரில் கிளடிஸ் அன்ரி தனியாகப் போய்வந்த நாளெல்லாம் அவருக்கு ஆதாரம். ஒருமுறை அன்ரியின் தம்பி தன் வானை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே தேநீர் குடித்தார். நகரசபைக்கு முறைப்பாடு செய்யச் சொன்னார் அப்பா. அவருடைய ஆங்கிலம் தரிப்பிடத்துக்குப் போதும், தொலைபேசிக்குப் போதாது. நான்தான் எடுத்தேன். இருபது நிமிடத்தில் ஒருவர் வந்து வானின் கண்ணாடியில் தண்டச் சீட்டைச் செருகிவிட்டுப் போனார். அப்பா அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் மூன்று தடவை அப்படித் தொலைபேசி எடுத்திருக்கிறேன். எடுத்தது யார் என்று மரியரட்ணம் அங்கிளுக்குத் தெரிந்திருக்கும். ஒருபோதும் கேட்கவில்லை. படியில் கண்டால், பிள்ளை வேலை எப்படி என்றுதான் கேட்பார்.

இனி அப்பாவின் கால்.

அது எப்போது தொடங்கியதென்று எங்களுக்குத் தெரியாது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவரோடு மூலையிலிருந்து நடந்து வந்தேன். வழியில் சப்பாத்து நாடாவைக் கட்ட நின்றார். கொஞ்சத் தூரம் போய், ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு வீட்டு இலக்கத்தை வாசித்தார். மரத்தையோ இலக்கத்தையோ நின்று பார்க்கிற ஆள் அல்ல அவர். அடுத்த நாளும் அதே மூன்று இடங்களில் நின்றார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஐம்பது மீற்றர். இப்படித் திருப்பித் திருப்பி ஒரே இடத்தில் வருவது தற்செயலல்ல, பழுது. அது என் தொழிலில் தெரிந்த விஷயம். வைத்தியரிடம் கூட்டிப்போனேன். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் இரண்டு பக்கமும் அடைத்திருக்கிறது, நடந்தால் கெண்டைக்கால் இறுகும், நின்றால் விடும் என்றார் வைத்தியர். அங்கவீனர் தரிப்பிடத்துக்கு அப்பாவும் தகுதியானவர் என்று ஒரு படிவத்தையும் தந்தார்.

அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காரில் ஏறிய பிறகு சொன்னார்.

"உன்ரை கலியாணம் முடியட்டும். இப்ப வாசலிலை கம்பம் நட்டால் வாறவங்கள் ஆருக்கு என்ன எண்டு கேப்பாங்கள். தேப்பனுக்கு எண்டால் பரம்பரையோ எண்டு கேப்பாங்கள்."

எனக்கு அப்போது பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு கலியாண இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையைப் படத்தில் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்பாவின் பொறாமையின் அடி எது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அது இடத்தின் மேல் மட்டும் வந்ததல்ல. மரியரட்ணத்துக்குப் பெண்பிள்ளை இல்லை. இரண்டு ஆண்கள், இருவரும் முடித்துவிட்டார்கள். அந்த மனிதர் நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, யாருக்கும் பயப்படாமல் நொண்டலாம். அப்பா நாடா கட்ட வேண்டும்.

எண்பத்தேழு பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறம்ரன் ஆட்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முதல்நாள் முழுவதும் அப்பா கம்பத்தைப் பற்றியே யோசித்தார். எங்கள் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறது. வருகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் யாரோ அங்கவீனர் என்று நினைப்பார்கள். இல்லை, பக்கத்து வீடு என்று நாமாகச் சொன்னாலும் நம்பமாட்டார்கள், கேட்காமலே ஏன் சொல்கிறார்கள் என்று யோசிப்பார்கள். ஞாயிறு காலையில் மரியரட்ணம் வீட்டார் தேவாலயப் பூசைக்குப் போனதும், அப்பா ஒரு கறுப்புக் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் முக்காலியைப் பிடித்தேன். பலகையை மூடிச் சணல் கயிற்றால் கட்டினார்.

கணக்கெல்லாம் போட்டுத்தான் செய்தார். பூசைக்குப் போனவர்கள் ஒரு மணிக்குத்தான் திரும்புவார்கள். பிறம்ரன் ஆட்கள் பத்தரைக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடுவார்கள். போனதும் பையைக் கழற்றிவிடலாம். அவர்களுக்கு இடம் வேண்டுமே என்று, இரண்டு வீடு தள்ளி மலிபுவை இரண்டு கார் இடத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தார். வந்ததும் அதை முன்னே எடுத்து விடுவதாகத் திட்டம்.

அவர்கள் பன்னிரண்டே காலுக்கு வந்தார்கள். இருபத்தொரு வருட ரைம் கீப்பர் தமிழ் ஆட்கள் வரும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஜன்னலில் நின்று களைத்தவர், மண்ணிற வானைக் கண்டதும் வெளியே பாய்ந்தார். இடது கை உயர்ந்தது. வலது கை இழுத்தது. வான் அவர் காட்டிய இடத்துக்குள் சுத்தமாக வந்து நின்றது. பை மூடிய கம்பத்துக்குக் கீழே. வேலைப் பழக்கத்தில் கை தானாகப் போனதா, அல்லது அந்த இடத்தில் ஒருநாளாவது தன் விருந்தாளியின் வாகனம் நிற்கட்டும் என்று மனம் காட்டியதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. செய்துவிட்டது தெரிந்தபோது அவர் முகம் மாறியது. எடுக்கச் சொல்ல முடியாது. ஏன் என்பார்கள், பையைக் கழற்றிக் காட்ட வேண்டும்.

ஒரு மணிக்கு மரியரட்ணத்தின் கார் வந்தது. நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். ஜன்னலூடாக அப்பாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். கார் வானுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. ஹோர்ண் அடிக்கவில்லை. கிளடிஸ் அன்ரியை இறக்கிவிட்டு மூலை திரும்பிப் போனது. மாப்பிள்ளையின் தகப்பன் பிறம்ரனில் தான் வேலை செய்யும் பண்டகசாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லொறி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டினார். கண் வெளியே.

பனி உருகி மறுபடி உறைந்த நாள். மரியரட்ணம் ஒரு கையில் தடி, மறு கையால் வேலிகளைப் பிடித்துப் பிடித்து வந்தார். எங்களுக்கு நாலு வீடு இருக்கும்போது விழுந்தார். எழும்பவில்லை.

அப்பா பேச்சின் நடுவில் எழுந்து, செருப்போடு ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் நான் கண்டதில்லை. மூன்றாவது வீட்டோடு கால் பிடித்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றார். ஒருவர் கீழே, ஒருவர் வேலியில். இடையில் எட்டு மீற்றர். இருவராலும் அதைக் கடக்க முடியவில்லை. நானும் மாப்பிள்ளையும் போனோம். அவர் மரியரட்ணத்தைத் தூக்கினார். நான் அப்பாவைத் தாங்கினேன். ஆளுக்கு ஒரு நொண்டியைக் கொண்டு திரும்பினோம். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

வாசலில் மாப்பிள்ளையின் தாய் நின்றார். "உங்களுக்கும் காலோ?" என்று கேட்டார்.

சறுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லோரும் இடம் விட்டுத்தான் நின்றோம்.

"ஓம்," என்றார் அப்பா. "கொஞ்சக் காலமா."

மரியரட்ணம் மூச்சு வாங்கி முடித்து, கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, போர்ட்டுக்கு ஏன் பை போட்டனியள்? குளிருமெண்டோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் உதட்டைக் கடித்தார். எனக்கு அந்தக் கணத்தில் அவரை இன்னும் பிடித்தது.

அடுத்த கிழமை தரகர் தொலைபேசியில் சொன்னார். சாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். அம்மா அழுதார். அப்பா என்னைக் காரில் வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது பாதி வழியில், "இனி நொண்டலாம்," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நொண்டினார். தடி வாங்கினார். படிவத்தை நிரப்பினோம். கோடையில் அவருக்கும் ஒரு கம்பம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் குழாயும் மரியரட்ணத்தின் இடமும் போக மிச்சமில்லை என்று தெருவின் எதிர்ப்பக்கத்தில் நட்டார்கள். அப்பா தெருவைக் கடக்க வேண்டும். பொறாமை பழைய இடத்துக்கே திரும்பியது. உவனுக்கு வாசலில், எனக்கு அக்கரையில் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். ஒருநாள் மரியரட்ணம் தன் படியில் இருந்தபடி, எதிர்ப்பக்கத்துக்குத்தான் வெய்யில் விழும், பனி கெதியில் உருகும், அண்ணைக்குக் கிடைத்ததுதான் நல்ல இடம் என்று சொன்னார். மெய்யாகவே ஆசைப்பட்டுத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது ஒரு மாதத்துக்குப் போதுமாக இருந்தது.

எண்பத்தெட்டு நவம்பரில் ஆஸ்பத்திரியில் இறந்தார். இதயம். வயது ஐம்பத்தேழு.

நான் நகரசபைக்கு அறிவிக்கவில்லை. அப்பாவின் அங்கவீனர் அனுமதி அட்டையை மலிபுவின் கண்ணாடியில் வைத்து, பதினொரு கிழமை அந்த இடத்தில் நிறுத்தினேன். என் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. அன்ரியின் தம்பி ஒருநாள் செய்ததை நான் எழுபத்தேழு நாள் செய்தேன். என்னைப் பற்றி ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு போர்த்துக்கேயப் பெண் இருக்கிறார். அவர் கணவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. விண்ணப்பித்தபோது, அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கம்பம் இருக்கிறது என்று நகரசபை சொன்னதாம். கிளடிஸ் அன்ரி எனக்குச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான். எனக்கு அந்தப் பெண்மேல் எரிச்சல் வந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக அவருக்கு ஒரு நொண்டி இருக்கிறார். நான் யாரைக் கூட்டிப்போவது?

அந்த எரிச்சலைப் பதினைந்து நாள் வைத்திருந்தேன். பிறகு அட்டையை எடுத்து, மரணச் சான்றிதழின் பிரதியோடு தபாலில் அனுப்பினேன். நேற்று அந்த மனிதர் முதல்முறையாக அங்கே நிறுத்தினார். காரின் பின்பக்கம் கோட்டுக்கு வெளியே நாற்பது சென்ரிமீற்றர். அவர் மனைவி கதவைத் திறந்து, அக்குளில் கை கொடுத்து, அவரை மெதுவாக வெளியே எடுத்தார். நான் ஜன்னலில் நின்றேன். அவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவு மூடும்வரைக்கும் பார்த்தேன்.