என் நாத்தனாரும் தொடாமல் அளக்கும் கருவியும்

என் நாத்தனாருக்குக் கழிவுநீர்க் கிணறுதான் புகுந்த வீடு என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதை முதலில் கிளப்பிவிட்டது யார் என்பது இப்போது நமக்கு முக்கியமில்லை. பேச்சில் பொய் கிடையாது, அவ்வளவுதான்.

ஊரார் குளிக்கிற, துவைக்கிற, கழுவிக் கொட்டுகிற தண்ணீரெல்லாம் பூமிக்கடியில் குழாய் குழாயாகச் சரிந்து கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். அங்கே ஆழமான ஒரு வட்டக் கிணறு. மேலே இரும்புக் கிராதி, பக்கத்தில் இரண்டு பம்புகள், ஒரு சிறிய அறை, அறைக்குள் ஒரு நாற்காலி. கிணறு நிரம்புவதற்குள் பம்பை ஓட்டி, தண்ணீரை மேட்டிலிருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அது வந்த வழியே திரும்பிப் போய்ப் பள்ளத்துத் தெருக் குளியலறைகளில் எட்டிப் பார்க்கும். தொழிற்பயிற்சி முடித்த கையோடு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் என் நாத்தனார். காதோரம் வெள்ளிக் கம்பி ஓடத் தொடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

அவள் மூக்கைப் பற்றிச் சொன்னால் நான் அளக்கிறேன் என்பார்கள். கிராதிமேல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். "பள்ளிக்கூடத் தெருவுல யாரோ வீடு மாத்தி வந்திருக்காங்க அண்ணி. புது பினாயில்" என்பாள். ஒருநாள், "தபால்காரர் வீட்டு மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போனாரே, திரும்பி வந்துட்டார். ஷேவிங் கிரீம் வாசனை மறுபடி வருது" என்றாள். சந்தேகம் தீர நான் நேரிலேயே போய் விசாரித்தேன். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. வந்தவர்களெல்லாம் ஏதோ பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிடுவாள்தானே? ஒருவர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானவர். காபிக் கோப்பையை வாங்கிக்கொண்டே, "வீட்டுக்கு வந்ததும் கையை நல்லா கழுவிடுவீங்களா?" என்று கேட்டார். கழுவினாள். அவரைத்தான் கைகழுவினாள்.

அதற்குப் பிறகு வரன் தேடும் வேலையை என் வீட்டுக்காரர் விட்டுவிட்டார். தங்கையிடம் அவருக்கு உள்ளூர பயம்.

அந்தக் காலத்தில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மிதவைகள்தான் சொல்லும். கயிற்றில் தொங்கும் பந்துபோன்ற சாமான்கள். தண்ணீர் ஏறினால் அவையும் ஏறும், பம்பு ஓடும். சொல்வதற்கு எளிது. ஆனால் நம் ஜனங்கள் எதைத்தான் குழாயில் போடாமல் இருக்கிறார்கள்? முடி, கொழுப்பு, கந்தல், பொம்மைக் கால் என்று எல்லாம் வந்து மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அவள் கொக்கிக் கம்பியால் இழுத்துப் போட்ட துணிகளைத் துவைத்துத் தைத்திருந்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை ஆகியிருக்கும். மிதவை சிக்கிக்கொண்டால் பம்புக்குச் சேதி போகாது. அதனால் எங்கே போனாலும் அவளுக்கு மனம் கிணற்றில்தான். சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவாள். வில்லன் யார் என்பது அவளுக்கு எந்தப் படத்திலும் தெரியாது.

இப்படியிருக்கும்போதுதான் அலுவலகத்திலிருந்து மீட்டர்க்காரரை அனுப்பினார்கள்.

நெடுநெடுவென்ற ஆள். ஊர் ஊராகப் போய்ப் பம்பு நிலையங்களில் கருவி மாட்டுவது அவர் தொழில். ஓரிடத்தில் தங்காத மனிதருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவரும் தனிக்கட்டைதான். பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். கவிழ்த்து வைத்த டம்ளர் போல இருந்ததாம்.

"இது தண்ணியத் தொடாமலே அளக்குங்க" என்றார்.

"தொடாம எப்படிங்க அளக்கும்?"

"கிணத்துக்கு மேலேயே தொங்கும். அங்கேருந்து ஒரு அலையக் கீழ அனுப்பும். அது தண்ணில பட்டுத் திரும்பி வரும். வர எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்து, தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லிடும்."

"கூப்பிட்டுட்டுக் காத்திருக்கிற மாதிரி."

"அதேதாங்க. எனக்கு இவ்வளவு சுருக்கமா சொல்ல வரல."

அன்று மாலை இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "தொடாம அளக்கிறதுக்கு மெஷின் எதுக்கு? உங்க அண்ணி நாள் பூரா அளந்துக்கிட்டுத்தானே இருக்கா" என்றார். நாத்தனார் சிரிக்கவில்லை. பாதிக் கேள்வியிலேயே எங்கோ பார்க்கத் தொடங்கிவிட்டாள். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.

மாட்டிய முதல் வாரம் கருவி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது. மீட்டர்க்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டார். "பக்கத்துல இருக்கிற ஏணியத் தண்ணின்னு நம்பிடுச்சுங்க. நல்ல மனசு இதுக்கு. யார் பதில் சொன்னாலும் நம்பிடும்." ஏணியை விட்டுத் தள்ளி மாட்டினார். பிறகு சரியாகிவிட்டது. ஆனாலும் சரிபார்க்க வந்துகொண்டே இருந்தார். வராத நாள்களில் போன் செய்து எண்ணைக் கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. பழைய வழக்கத்தில் தண்ணீர் ஏற ஏற எண்ணும் ஏறும். அது மட்டம். அவர் மாட்டிய கருவியோ தண்ணீருக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதைக் காட்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் இடைவெளி. தண்ணீர் ஏறினால் இடைவெளி குறையும். முதலில் தடுமாறினாள், பிறகு அதிலேயே ஊறிப்போனாள். வீட்டில் அடுப்பில் பால் வைத்தால், "பால் பொங்குது" என்று சொல்லமாட்டாள். "அண்ணி, பாலுக்கும் விளிம்புக்கும் நாலு விரல்தான் இருக்கு" என்பாள். அவள் சொல்லி முடித்து, நான் கணக்குப் போட்டு, எழுந்து ஓடுவதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்திருக்கும்.

விடுமுறை நாளில் அவர் போன் வந்தால் அவள் வாசல் பக்கம் போய்விடுவாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். செடிகள் அந்தக் காலத்தில் செழித்து வளர்ந்தன.

"நேத்தைக்கு எவ்வளவுங்க காட்டுச்சு?" போன் கொஞ்சம் சத்தமாகவே பேசும்.

"முந்தாநாளவிட குறைஞ்சிருந்துச்சு."

"குறைஞ்சா கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம்."

நான் ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றினேன். பிறகு அவர் அவசரமாக, "தண்ணி. தண்ணி கிட்ட வந்துருச்சுன்னு சொன்னேன்" என்றார்.

அந்த வாரமே பம்பு அறைக்குப் புது நாற்காலி ஒன்று போனது. வீட்டில் என் பங்குக்கு இருந்த நல்ல நாற்காலி.

"மீட்டர்க்காரர் நின்னுக்கிட்டே வேலை பாக்குறார் அண்ணி. பாவமா இருக்கு."

"மீட்டர் தொங்கிக்கிட்டே வேலை பாக்குதே. அதுக்குப் பாவம் பாக்கலையா?"

"உங்ககிட்ட வாய் கொடுக்க முடியுமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்துவரை சிவப்பு.

வேலை முடிகிற நாள் வந்தது. கிளம்புமுன் அவர் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கருவியில் இடைவெளியையே காட்டலாமா, பழையபடி மட்டமாக மாற்றிவிடலாமா என்று ஒவ்வொரு நிலையத்திலும் விசாரித்து வரும்படி அலுவலகத்துப் பெண் இன்ஜினியர் சொல்லியிருந்தார். அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது நாத்தனார் நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு மாதிரியா நின்னார் அண்ணி. 'இந்த இடைவெளி இப்படியே இருக்கட்டுமா, இல்ல எடுத்துடலாமா? உங்க மனசுல என்ன படுதோ அதச் சொல்லுங்க'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"இடைவெளிதாங்க நல்லது, எனக்கு அது பழகிருச்சு, மாத்தினா வீண் குழப்பம்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அதுக்கு அவர்?"

"மூடியிருந்த பேனாவையே இன்னொரு தடவ மூடினார். சட்டைப் பைல வெச்சுக்கிட்டுப் போயிட்டார்."

"அடிப் பாவி" என்றேன். "அந்த மனுஷன் உன்னைக் கேட்டிருக்கார்டி."

"என்ன அண்ணி நீங்க. அவர் மீட்டரக் கேட்டார்."

"மீட்டருக்கு என்னைக்கு மனசுல பட்டிருக்கு?"

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பிறகு போன் வரவில்லை. கருவி தானாகவே அளந்து, தானாகவே பம்பை ஓட்டி, தானாகவே நிறுத்திக்கொண்டது. அவள் எதற்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. முகத்தில் களையில்லை. ஒருநாள் அவளே போன் செய்து, எண் சரியாக வருகிறதா என்று தெரியவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர், "பம்பு நேரத்துக்கு ஓடுதில்லைங்க? அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வரணும்னு அவசியமில்ல" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். அன்று சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முழுப் படமும் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து கேட்டேன், அன்றைக்கும் வில்லன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி. அவர் மீட்டரக் கேக்கலையோ?"

"இப்பத்தான் திரும்பி வந்துச்சா உனக்கு?"

"பக்கத்து ஊர் ஸ்டேஷன்ல கடைசி வேலையாம். இந்த வாரத்தோட முடியுதாம். அதுக்கப்புறம் கப்பல் ஏறி வேற நாட்டுக்குப் போறாராம். இன்ஜினியரம்மா சொன்னாங்க." கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலையாம். திங்கட்கிழமை போடுவாராம்."

"நாளைக்குக் காலைல போயிடலாம்."

"நாளைக்கு எனக்கு டியூட்டி."

"மட்டம் போடு."

அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ கொலை செய்யச் சொன்னது போல இருந்தது. காலமெல்லாம் கிணற்று மட்டத்தைக் கட்டிக் காத்தவள், ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. மறுநாள் போட்டாள். வயிற்றுவலி என்று அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற எனக்கே வயிறு வலித்தது. அவ்வளவு மோசமாகப் பொய் சொன்னாள். இன்ஜினியரம்மா, "எந்த ஊர்ல வயித்துவலி?" என்று கேட்டுவிட்டு லீவு கொடுத்தார்.

பக்கத்து ஊர் பம்பு நிலையத்தின் வாசலில் காவலாளி எங்களை மறித்தார்.

"நாத்தத்தப் பத்திப் புகார்னா ஆபீஸ்ல கொடுங்கம்மா. இங்க வாங்கமாட்டோம்."

"நாத்தம் எனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் அவரைத் தாண்டி உள்ளே போனாள். நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மீட்டர்க்காரர் கிணற்றோரம் மண்டியிட்டு, கருவியைத் தாங்கும் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. பக்கத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர.

"அங்க ஏதாவது கோளாறுங்களா?"

"அங்க ஒன்னுமில்ல. அன்னைக்கு நீங்க எதக் கேட்டீங்க?"

"மீட்டரத்தாங்க."

"மீட்டர மட்டுமா?"

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். "பதில் சொல்லிட்டீங்களே. மறுபடி கேக்குறது நல்லாயில்லைங்க."

"உங்க கருவி ஒரு தடவ கேட்டுட்டு விட்டுடுமா?"

"இல்லைங்க. அது நிறுத்தாம கேட்டுக்கிட்டே இருக்கும்."

"அது உங்களவிடத் தேவலை."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஏதோ முணுமுணுத்தார். பம்புச் சத்தத்தில் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"கேக்கல" என்றாள்.

மறுபடி சொன்னார். இவள் காதில் கைவைத்துக் காட்டினாள். மனிதர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார். அவர் வாய் திறந்த அதே சமயம், தண்ணீர் போதுமான அளவு இறங்கிவிட்டது என்று கருவி சொல்ல, பம்பு நின்றுவிட்டது.

"என்னைக் கட்டிக்கச் சம்மதமாங்க" என்ற குரல் சுற்றுச்சுவர் தாண்டிக் கேட்டது. மரத்திலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றார்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பின்வாங்கவில்லை. "ஊருக்கே கேட்டாச்சு. இனிமே மாட்டேன்னா சொல்ல முடியும்?" பிறகு நிமிர்ந்தாள். "ஆனா ஒன்னு. என் கிணத்த விட்டுட்டு எங்கேயும் வரமாட்டேன். கப்பல்லாம் ஏறமாட்டேன்."

"உங்கள யாருங்க விடச் சொன்னா? ஊர் ஊரா அலையறவன் நான்தான். வந்து சேர ஒரு இடம் இல்லாமத்தான் கப்பல் ஏறலாம்னு பாத்தேன்."

"அப்ப அந்த ஒப்பந்தம்?"

"திங்கட்கிழமை போய் மாட்டேன்னு சொல்லிடறேன்."

அதோடு என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புவாள் என்றுதான் எண்ணினேன். எங்கே கிளம்பினாள்? கிராதிமேல் குனிந்து உள்ளே பார்த்தாள். தண்ணீர் வந்து விழும் வாய்க்கு நேராகக் கருவி இருக்கிறதே என்றாள். அதைத்தான் நானும் யோசித்தேன் என்று அவர் ஸ்பேனரை எடுத்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொள்ள, அவர் முடுக்கினார். இருவரும் குனிந்து பார்ப்பதும், ஒரு சாண் இந்தப் பக்கம் என்பதும், இல்லை அந்தப் பக்கம் என்பதுமாக இருந்தார்கள். எங்கள் பேருந்து போயே போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

காவலாளி எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அந்தம்மா? இங்க ஆபரேட்டரா வரப்போறாங்களா?"

"இல்ல. அவங்களுக்கு எங்க ஊர்லயே கிணறு இருக்கு."

"அப்ப இங்கேருந்து எதையாவது எடுத்துட்டுப் போக வந்திருக்காங்களா?"

"மீட்டர மாட்டி முடிக்கட்டும்" என்றேன். "மீட்டர்க்காரர எடுத்துட்டுப் போயிடுவோம்."